நூலகம் விக்கியில் உள்ளடக்கம் தட்டுகிறவர்களுக்கு

இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஸ்கான் செய்து இணையத்தில் வைக்கும் நூலகம் தளத்துக்காக வேலை செய்யும் எல்லோருக்கும் வணக்கம். உங்களில் ஒருவரையும் எனக்கு நேரில் தெரியாது, அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

எங்கள் பெரியப்பா எழுபதுகளில் சிறுகதை எழுதியவர். புத்தகமாக ஒன்றும் வரவில்லை. வீட்டில் இருந்த பிரதிகள் இடம்பெயர்வுகளோடு போய்விட்டன, எந்தச் சஞ்சிகையில் எந்த மாதம் வந்தது என்று கேட்க இப்போது அவரும் இல்லை. பெரியம்மா கதைகளைத் தேடித்தரச் சொன்னபோது சரி, பார்ப்போம் என்றேன், பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. அவருடைய புனைபெயரைத் தட்டித் தேடினால் மல்லிகை என்ற இலக்கியச் சஞ்சிகையின் இதழ் ஒன்றுக்கான பக்கம் வருகிறது! நூலக எண், மொழி, பக்கங்கள், வாசிப்பதற்கு ஓர் இணைப்பு, கீழே உள்ளடக்கம். அந்தப் பட்டியலில் கவிதைகளுக்கும் கட்டுரைகளுக்கும் நடுவில் அவருடைய கதைத் தலைப்பு, பக்கத்தில் பெயர்.

அந்த ஒரு வரிக்குத்தான் முதல் நன்றி. பழைய இதழைத் தேடிப் பிடித்து, தாள் கிழியாமல் ஸ்கான் செய்வதே பெரிய வேலை. ஆனால் வெறும் படமாகக் கிடந்திருந்தால் அத்தனை இதழ்களில் நான் எதைத் திறந்து பார்ப்பேன்? யாரோ ஒருவர் பொறுமையாக இருந்து ஒவ்வொரு தலைப்பையும் எழுதியவர் பெயரையும் தட்டியிருக்கிறார். இதைத் தனி ஒரு நூலகரால் செய்து முடிக்கவே முடியாது. விக்கியாக இருப்பதால் ஒருவர் பக்கத்தைத் தொடங்கிவிட்டுப் போகலாம், இன்னொருவர் உள்ளடக்கம் சேர்க்கலாம், அடுத்தவர் எழுத்துப்பிழை பார்க்கலாம், யார் எப்போது எதை மாற்றினார் என்பதும் வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே இருக்கும். அப்புறம், ஒரே சஞ்சிகையின் இதழ்களை ஒன்றாகத் தொகுத்துக் காட்டும் அந்தப் பகுப்பு! டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகையைப் பகுப்பு வழியாகவே ஆண்டு ஆண்டாகப் பார்த்துக்கொண்டு போனேன், பெரியம்மாவுக்கே தெரியாத கதைகளும் அகப்பட்டன. ஓர் இதழில் அவருடைய பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் அச்சிட்டிருந்தார்கள், நீங்கள் அதை அச்சில் உள்ளபடியே விட்டிருந்தீர்கள். அந்தக் கவனத்துக்குத் தனி நன்றி.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களை எரித்தார்கள். வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அதில் போயின. 2005இல் தொடங்கி இன்றுவரை விடாமல் நீங்கள் செய்துவரும் இந்த வேலை எவ்வளவு அவசியம் என்று எங்கள் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு அலுமாரியில் சில கோயில் மலர்களும், இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த நினைவு மலர்களும் இருக்கின்றன. ஸ்கான் செய்யத் தருகிறேன். உள்ளடக்கம் தட்டும் முறையை யாராவது சொல்லித்தந்தால் அதையும் நானே செய்வேன், இரவில் எனக்கு நேரம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வாசகி