பாயிண்டைப் பூட்டி வைக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் இளைஞர் பக்கத்தில் வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள் வந்திருந்தன. அதில் ஒன்று: நம் ஆளின் திறனை வளர்க்கக் கிடைக்கிற ஸ்கில் பாயிண்டை உடனே செலவழிக்காதீர்கள், ஆட்டம் பாதி தாண்டும்வரை சேர்த்து வையுங்கள் என்பது. என் பதின்மூன்று வயது மகள் அதைப் படித்துவிட்டு அப்படியே செய்தாள். 2017-இல் வந்த 'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' ஆடுகிறாள். அதில் ஷ்ரைன் என்ற சிறு கோயில் ஒன்றை முடித்தால் ஓர் உருண்டை கிடைக்கும். நான்கு உருண்டைக்கு ஓர் இதயமோ (அதாவது உயிர்) ஒரு பங்கு ஸ்டாமினாவோ (ஓட, ஏறத் தேவையான தெம்பு) வாங்கலாம். தொடக்கத்தில் கட்டாயமாக மாற்ற வேண்டிய நான்கை மட்டும் ஸ்டாமினாவுக்குக் கொடுத்துவிட்டு, அதன்பின் சேர்ந்த 24 உருண்டையையும் அவள் தொடவேயில்லை. மூன்றே இதயத்தோடு லைனெல் என்ற எதிரி முன் போய் நின்று, மாலை முழுக்க ஒரே அடியில் விழுந்துகொண்டிருந்தாள். கடைசியில் "எனக்கு இந்த கேம் வராதும்மா" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு ஆட்டம் நன்றாகவே வரும். அந்தக் குறிப்புதான் அவளைக் கட்டிப்போட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அறிவுரை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2000-இல் டயாப்ளோ 2 வந்தபோது நானும் அதைத்தான் மந்திரம்போல் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு லெவல் ஏறினால் ஒரு ஸ்கில் பாயிண்ட். புதிய திறன்கள் 1, 6, 12, 18, 24, 30 என்ற லெவல்களில்தான் திறக்கும். ஒரு திறனில் 20 பாயிண்ட் வரை போடலாம். போட்டது போட்டதுதான், திரும்ப எடுக்க அப்போது வழியே கிடையாது. என் முதல் மந்திரக்காரிக்கு நெருப்பு, பனி, மின்னல் மூன்றிலும் கண்ணில் பட்ட திறனுக்கெல்லாம் இரண்டு இரண்டாகப் போட்டேன். நார்மல், நைட்மேர், ஹெல் என்று கடினம் ஏறும் மூன்று சுற்றில் நார்மல் எப்படியோ முடிந்தது. நைட்மேரில் எந்த மந்திரமும் எவனையும் சாய்க்கவில்லை. மூன்று வார ஆட்டத்தை விட்டுவிட்டு முதல் லெவலிலிருந்து தொடங்கினேன். இரண்டாவது மந்திரக்காரிக்கு மேல்நிலை நெருப்புத் திறன் திறக்கும்வரை பாயிண்டை இறுக்கிப் பிடித்தேன். அவள் நன்றாகவே போனாள், ஹெல் வரும்வரை. அங்கே நெருப்பு சுத்தமாகப் படாத எதிரிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மூன்றாவது ஆளுக்கு நெருப்பைப் பிரதானமாக வைத்து, அது எடுபடாத இடத்துக்கென்று பனியில் ஒரு திறனை மட்டும் வளர்த்தேன். ஒன்றில் ஆழமாகப் போ, அது பலிக்காத இடத்துக்கு இன்னொன்றை வைத்துக்கொள் என்ற கணக்கு அங்கே கற்றதுதான். இன்றும் நான் ஆடுவது அப்படித்தான்.

ஆனால் சேர்த்து வைக்கச் சொன்ன காரணம் மாறிவிட்டது. 2003-இல் டயாப்ளோ 2-ஐத் திருத்திய 1.10 பேட்ச் வந்தபோது, கீழ்நிலைத் திறனில் போட்ட பாயிண்ட் மேல்நிலைத் திறனுக்கும் பலம் கொடுக்கத் தொடங்கியது. ஃபயர் போல்ட்டில் போட்டது ஃபயர் பாலின் அடியையும் கூட்டியது. அப்புறம் 2010-இல் 1.13 பேட்ச். முதல் குவெஸ்ட்டை (கொடுத்த பணியை) முடித்தால் அகாரா என்பவள் போட்ட பாயிண்ட் அத்தனையையும் திருப்பித் தருவாள், நார்மல், நைட்மேர், ஹெல் மூன்றுக்கும் தலா ஒரு முறை. அதற்கு முன்பே, 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் மனம் மாறுவதற்கு ஒரு விலை இருந்தது: முதல் முறை 1 தங்கம், அடுத்து 5, அடுத்து 10 என்று ஏறி 50-இல் நிற்கும். 2023-இன் பால்டர்ஸ் கேட் 3-இல் 100 தங்கம் கொடுத்தால் முகாமில் இருக்கும் விதர்ஸ் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றித் தருவார். விளையாட்டுகள் இவ்வளவு தூரம் வந்துவிட்டன. அறிவுரை மட்டும் 2000-லேயே நிற்கிறது.

ஆகவே ஒரு புதிய ஆட்டத்தைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது எது சிறந்த திறன் என்பதையல்ல. போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா, முடியும் என்றால் என்ன விலை என்பதைத்தான். விலை குறைவு என்றால் பாயிண்ட் கைக்கு வந்த நிமிடமே போட்டுவிடுவேன். எடுக்கவே முடியாது என்றால் மட்டும்தான் ஒரு வேளை பொறுத்து யோசிப்பேன். அப்போதும் ஆட்டம் பாதி தாண்டும்வரை அல்ல. அடுத்த திறன் எந்த லெவலில் திறக்கிறது, அதற்கு எத்தனை பாயிண்ட் வேண்டும் என்று பார்த்து, அந்த அளவுக்குத்தான்.

மகளுக்கு இதை எண்களால்தான் புரியவைக்க முடிந்தது. மூன்று இதயம் நான்காகும்போது உயிர் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இருபது இருபத்தொன்றாகும்போது இருபதில் ஒரு பங்குதான். அதே நான்கு உருண்டைதான், ஆனால் தொடக்கத்தில் போட்டால் அதன் பலன் பல மடங்கு. அத்தோடு, சீக்கிரம் போட்டது ஆட்டம் முழுக்கக் கூடவே வரும். பூட்டி வைத்தது அதுவரை ஒன்றுமே செய்யாது. சரி என்று அன்றிரவே 24-ஐயும் மாற்றினாள்: நான்கு இதயம், இரண்டு ஸ்டாமினா.

சில வாரம் கழித்து மாஸ்டர் வாளை உருவ வேண்டி வந்தது. அதற்கு 13 இதயம் வேண்டும், சாப்பிட்டுச் சேர்க்கும் தற்காலிக மஞ்சள் இதயம் கணக்கில் வராது. அவளிடம் 11 தான் இருந்தது. ஹட்டேனோ ஊரில் ஒரு பேய்ச் சிலை இருக்கிறது. அது இதயத்தையோ ஸ்டாமினாவையோ 100 ரூப்பிக்கு (அந்த ஆட்டத்தின் பணம்) வாங்கி 120 ரூப்பிக்கு விற்கும். இரண்டு பங்கு ஸ்டாமினாவை ஒவ்வொன்றாகக் கொடுத்து இரண்டு இதயமாக மாற்றினோம். வாளை எடுத்ததும் திரும்பிப் போய் ஸ்டாமினாவை மீட்டுக்கொண்டாள். போக வர மொத்தச் செலவு 80 ரூப்பி. இவ்வளவு சின்ன விலையில் திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு முடிவுக்காகத்தான் அந்தக் குழந்தை 24 உருண்டையைச் சும்மா வைத்திருந்தாள்.

எல்லா ஆட்டத்திலும் உடனே செலவழி என்று நான் சொல்லமாட்டேன். 2006-இன் ஆப்லிவியன் வேறு மாதிரி. அதில் ஏழு முக்கியத் திறன்களை நாமே தேர்ந்தெடுக்கலாம். அவை மொத்தம் பத்து முறை உயர்ந்து, கட்டிலில் படுத்துத் தூங்கினால் ஒரு லெவல் ஏறும். நாம் ஏற ஏற எதிரிகளும் ஏறுவார்கள். நான் ஓடுவது, குதிப்பது, பேசி மயக்குவது மூன்றையும் முக்கியத் திறனாக எடுத்தேன். ஓடி ஓடி, குதித்துக் குதித்து லெவல் மளமளவென்று ஏறியது, வாள் வீச்சு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் சாலையில் நிற்கும் வழிப்பறிக்காரன்கூட விலை உயர்ந்த கிளாஸ் கவசத்தில் வந்து நின்றான். இப்படிப்பட்ட ஆட்டத்தில் சண்டைக்கு உதவாத வளர்ச்சி நம்மைப் பலவீனப்படுத்தும். உலகமும் நம்மோடு வளர்கிறதா என்பது நான் கேட்கும் இரண்டாவது கேள்வி.

மூன்றாவது, எங்கே நிறுத்துவது. எல்டன் ரிங்கில் உயிரைக் கூட்டும் விகர் என்ற பண்பு 25 இருந்தால் உயிர் 800, 40 இருந்தால் 1450, 60-இல் 1900, 99-இல் 2100. 25-க்குப் பின் போட்ட 15 பாயிண்ட் 650 கொடுத்தது. கடைசி 39 பாயிண்ட் கொடுத்தது வெறும் 200. திரையில் '+' குறி ஒரே மாதிரிதான் தெரியும், அதன் மதிப்பு ஒரே மாதிரி இல்லை. உறுதி செய்வதற்கு முன் பக்கத்தில் பழைய எண்ணும் புதிய எண்ணும் காட்டுவார்கள். அதைப் படித்துவிட்டு அழுத்தினாலே பாதித் தவறு நடக்காது. அதே ஆட்டத்தில் தொடக்கத்தில் ஆயுதத்தை ஸ்மிதிங் ஸ்டோன் என்ற பட்டறைக் கல் கொண்டு +3 ஆக்குவது, ஸ்ட்ரெங்க்த் என்ற உடல்பலத்தில் போடும் சில பாயிண்டைவிட அதிக அடி தரும். புதிதாக ஆடுகிறவர்கள் லெவலையே பார்த்துக்கொண்டு கையில் இருக்கும் வாளை மறந்துவிடுகிறார்கள். தினமும் எதைப் பிடித்துச் சண்டை போடுகிறோமோ அதற்கு முதலில் செய்ய வேண்டும்.

இவ்வளவும் அந்தச் சிறிய குறிப்புக்குள் அடங்காது என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை ஏதாவது ஒரு கேமுக்குக் குறிப்பு வெளியிடும்போது, அதில் போட்ட பாயிண்டைத் திரும்பப் பெற முடியுமா, யாரிடம் போக வேண்டும், என்ன செலவாகும் என்று ஒரே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அந்த ஒரு வரி தெரிந்திருந்தால் என் மகள் லைனெல்லிடம் அன்று மாலை ஏழெட்டு இதயத்தோடு போயிருப்பாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி