முதியோர் ஆய்வுக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி மடல்

முல்லைத்தீவு மாவட்டத்தில் எமது முதியோர் சங்கத்தின் எல்லைக்குள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்கொண்ட முதுமை பற்றிய கள ஆய்வு நிறைவெய்தியுள்ளது. அதற்குத் துணைநின்ற அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கின்றோம்.

முதல் நன்றி, பொறுமையோடு பதிலளித்த எமது ஊர் மூத்தோருக்கே உரியது. வயது என்ன என்ற முதற் கேள்வியிலேயே ஆய்வு தடங்கி நின்றது. இடப்பெயர்வுகளில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் இங்கு ஏராளம். "புயலடிச்ச வருசம் நான் அஞ்சாம் வகுப்பு" என்று ஓர் அம்மா சொன்னபோது, அது 1964 மார்கழிப் புயல் என்பது இளம் ஆய்வாளர்களுக்கு விளங்கவில்லை. எமது மூத்த உறுப்பினர்கள் அன்று பின்னேரமே கூடியிருந்து, அந்தப் புயல், 1977 கலவரத்தின் பின் மலையகக் குடும்பங்கள் வன்னிக்கு வந்து குடியேறியமை, 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வு, 2004 ஆழிப்பேரலை என ஒரு காலவரிசையை எழுதிக் கொடுத்தார்கள். பின்னர் வயதைக் கணிக்க அதுவே உதவியது. முதியோர் கொடுப்பனவுக்கு 70 வயது எல்லையாக இருக்கும் நாட்டில் இது சிறிய உதவியன்று.

வினாக்கொத்தைத் திருத்த முன்வந்த ஆய்வாளர்களுக்கும் எமது நன்றி உண்டு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பராமரிக்காத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி, அதற்கென உள்ள சபையொன்றில் பெற்றோர் விண்ணப்பிக்க வழிசெய்கிறது. 2009 இறுதிப் போரில் பிள்ளைகளை இழந்த வீட்டார் யாரிடம் கோருவது? 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தோர் 12.4 வீதம் என்ற கணக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தராது. வினாக்கொத்தில் பிள்ளைகளை 'உயிருடன்', 'இறந்தவர்' என்று மட்டுமே பிரித்திருந்தார்கள். தன் மகனை இரண்டாவது பெட்டிக்குள் எழுத ஒரு தாய் உடன்படவில்லை. எமது வேண்டுகோளை ஏற்று, 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என மூன்றாவது பிரிவொன்றை அவர்கள் சேர்த்தார்கள். கொள்கை வகுப்போரின் மேசைக்குச் செல்லும் அறிக்கையில் அந்த ஒரு பிரிவு இருப்பதே எமக்குப் பெரிய பயன் என்பது எமது கருத்து.

வீடு வீடாக அழைத்துச் சென்ற கிராம அலுவலருக்கும், மழையால் குண்டும் குழியுமான பாதையிலும் மறுக்காமல் வந்த முச்சக்கரவண்டி உரிமையாளருக்கும், மதிய உணவு சமைத்த மாதர் சங்கத்தினருக்கும், எரிபொருட் செலவை ஏற்ற புலம்பெயர் உறவுகளுக்கும், காது மந்தமானோருக்குக் கேள்விகளை உரத்துத் திரும்பத் திரும்பச் சொன்ன பாடசாலை மாணவியருக்கும் நன்றி. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிற் பொங்கலன்று ஊரில் ஒருவரையும் பிடிக்க முடியாது என்பதைத் தாமாகவே விளங்கிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்ட ஆய்வாளர்களுக்கு இன்னொரு நன்றியும் சேரட்டும்.

அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைத் தருவதாக ஆய்வுக் குழு உறுதியளித்துள்ளது. அது கிடைத்ததும் பொதுநோக்கு மண்டபத்தில் வாசிக்கப்படும். பதிலளித்த மூத்தோர் திருத்தம் ஏதும் சொன்னால் அதனையும் எழுதி அனுப்புவோம்.

இங்ஙனம்,
செயலாளர்,
முதியோர் சங்கம்