பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: தவணை நிறைவும் ஐந்தாம் ஆண்டுத் திரட்டேடுகளும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

இத்தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. திருக்குறள் மனனப் போட்டியிலும் குறுக்கோட்டத்திலும் நம் மாணவர்கள் சிறப்பாகப் பங்கெடுத்தனர். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துப்புரவுப் பணிக்கு வந்து உதவிய அனைவருக்கும் நன்றி.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் திரட்டேடுகளைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. அப்துல் கலாம் பற்றிய பாடத்தின்போது ஆசிரியர் ஒரு படம் காட்டினார். 2015 ஜூலையில், டில்லி விமான நிலையத்தில், கலாமின் உடலுக்கு முன்னால் 96 வயது முதியவர் ஒருவர் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, நடுங்கும் கையை உயர்த்தி வணக்கம் செலுத்துகிறார். "இந்தத் தாத்தா யார், டீச்சர்?" என்று வகுப்பே கேட்டது. அவர்தாம் இந்திய விமானப்படையின் மார்ஷல் அர்ஜன் சிங். அவரைப் பற்றித் திரட்டேடு தயாரிக்கும் இந்த இடுபணி அந்தக் கேள்வியிலிருந்து வந்ததேயன்றிப் பாடத்திட்டத்திலிருந்து வந்ததன்று.

1938ஆம் ஆண்டில், 19 வயதில், இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரிக்கு விமானப் பயிற்சிக்குச் சென்ற அவர், 1944இல் இந்தியாவின் வடகிழக்கிலுள்ள இம்பால் போர்முனையில் முதலாம் ஸ்குவாட்ரன் என்னும் விமானப் படைப்பிரிவை வழிநடத்தி வீரப்பதக்கம் பெற்றார். 1947 ஆகஸ்டு 15 அன்று டில்லி செங்கோட்டைக்கு மேலே நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களின் அணிவகுப்புக்குத் தலைமையேற்றார். 1964இல் விமானப்படைத் தளபதியாகி, மறு ஆண்டே பாகிஸ்தானுடனான போரைச் சந்தித்தார். அந்தப் படையில் மிக உயர்ந்த நிலையான ஐந்து நட்சத்திரத் தகுதி பெற்றவர் அவர் ஒருவரே. அதுவும் ஓய்வு பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலான பிறகு, 2002இல்தான் அவருக்கு அது கிடைத்தது.

இச்செய்திகள் எல்லாத் திரட்டேடுகளிலும் இருந்தன. ஆனால், பெரும்பாலானவற்றில் ஒரே வாக்கியங்கள், ஒரே வரிசையில், கடையில் தட்டச்சு செய்யப்பட்டு வண்ணத்தில் அச்சிடப்பட்டிருந்தன. சிலவற்றில் வேறோர் அதிகாரியின் படம் ஒட்டப்பட்டிருந்தது. இம்பால் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது, அந்தப் பக்கத்தைக் கையில் வைத்திருந்த பிள்ளைகளே விழித்தனர். ஒரு புலன (வாட்ஸ்அப்) குழுவில் பகிரப்பட்ட கோப்பு வீடு வீடாகச் சென்றது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை முடிந்து களைத்து வந்தும், இரவில் பிள்ளைக்காக உட்கார்ந்து செய்து கொடுத்தீர்கள். அந்த அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இருப்பினும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்: பெற்றோர் எழுதிய இடுபணி பிள்ளையின் இடுபணி ஆகாது. அடுத்த தவணை முதல் தட்டச்சு செய்த திரட்டேடுகள் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா.

பள்ளிக்கூடக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதப்பட்டு, எழுத்துப் பிழைகளோடு ஒரே ஒரு திரட்டேடு வந்தது. "எழுந்து நிற்கும்போது தாத்தாவுக்குக் கால் வலித்திருக்கும், ஆனாலும் நின்றார்" என்று அந்த மாணவி எழுதியிருக்கிறாள். எந்த அச்சுப் பக்கத்திலும் இந்த வரி இல்லை. அதைப் படித்துவிட்டு நான் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன்.

ஆகவே, விடுமுறைக்குப் பின் முதல் வாரத்தில் எல்லா மாணவர்களும் வகுப்பிலேயே தங்கள் கைப்பட இதனை மீண்டும் எழுதுவார்கள். அதற்கு மதிப்பெண் குறைக்கப்படாது. அதற்கு முன் ஒரு மாலை, அந்தப் படத்தைப் பிள்ளையோடு சேர்ந்து பார்த்துப் பேசுங்கள்; எழுதுவதை மட்டும் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள்.

உங்கள் உழைப்புக்கும் பொறுமைக்கும் பள்ளியின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்