அண்ணன் அலமாரி: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். நம் ஞாயிற்றுக்கிழமை பௌலிங் (பந்தை உருட்டிப் ‘பின்’ எனப்படும் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம்) குழுவில் பெரியவர்கள் ‘அண்ணன்’ என்றும், பிள்ளைகள் ‘மாமா’ என்றும், பக்கத்து லேன்களில் (பந்து உருளும் தடங்களில்) ஆடும் சீன, மலாய் நண்பர்கள் ‘அங்கிள்’ என்றும் அழைத்துவந்தவர் சென்ற மாதம் காலமானதை அறிவீர்கள். மண்டாய் தகனச்சாலைக்கு வந்திருந்தவர்களில் பலர், அவர் நினைவாகக் குழு ஏதேனும் செய்ய வேண்டும் என்று அன்றே கேட்டுக்கொண்டார்கள். அதன் பேரில் செயற்குழு இருமுறை கூடிப் பேசி, அவருடைய துணைவியாருடனும் கலந்தாலோசித்து, இந்த வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறது. தம் பெயரைக் கோப்பையிலோ பலகையிலோ பொறிக்கக் கூடாது என்று அவர் உயிரோடு இருந்தபோதே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவருடைய பெயரை இங்கே நாங்கள் குறிப்பிடாததற்கு அதுவே காரணம்.

அவர் பட்டம் வென்ற ஆட்டக்காரர் அல்லர். பணி ஓய்வு பெறும் வரை லேன்களுக்குப் பின்னால், விழுந்த பின்களை அள்ளி மறுபடியும் முக்கோணமாக நிறுத்தும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதே அவர் வேலை. இன்று இல்லாமற்போன மரீனா சவுத் பௌலிங் கூடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் முகம் மலரும். ஓய்வு பெற்ற பிறகு நம்மிடம் தொண்டூழியராக வந்து, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதையும், அதைவிட முக்கியமாக, அவர்கள் கையில் இருக்கும் பந்தைக் கவனிப்பதையும் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்.

பந்தைக் கவனிப்பது என்றால் என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் கேட்கும் உதவி முழுவதும் அதைச் சார்ந்ததே. கூடத்தில் பொதுவாக அடுக்கிவைத்திருக்கும் பந்துகளில் எவர் கையும் நுழைய வேண்டும் என்பதற்காகக் கட்டைவிரல் துளையைப் பெரிதாகவே போட்டிருப்பார்கள். பத்து வயதுப் பிள்ளையின் விரல் அதில் தொளதொளவென்று ஆடும். பந்து நழுவிவிடுமோ என்ற பயத்தில் பிள்ளை இறுக்கிப் பிடிக்கும்; இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வளையும், விரல் உரிய நேரத்தில் வெளிவராது, பந்து தொப்பென்று விழுந்து லேன் ஓரத்துப் பள்ளமான கட்டரை நோக்கி ஓடும். கைக்கு அளந்து துளையிட்ட பந்தில் கட்டைவிரல் முதலில் தானாக விடுபட்டு, மற்ற இரு விரல்களும் பந்தை மெல்லத் தூக்கிவிடும். பௌலிங் தனக்கு வராது என்று ஒதுங்கிப்போகும் பிள்ளைகளில் பலருக்கு உண்மையில் பந்துதான் பொருந்தவில்லை என்று அண்ணன் சொல்வார். அது எவ்வளவு சரி என்பதை நாங்கள் பலமுறை கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

அவர் கையில் எப்போதும் ஒரு பழைய கோங் குவான் பிஸ்கட் டின் இருக்கும். உப்புத்தாள், வெள்ளை டேப், சிறிய கத்தரிக்கோல், அளவு நாடா ஆகியவை அதற்குள் இருக்கும். சென்ற ஆண்டு ஒரு சிறுமி கட்டைவிரல் சிவந்துபோய்க் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தபோது, அவர் அவளுடைய எட்டு பவுண்டு நீலப் பந்தை மடியில் வைத்துக்கொண்டு, துளையின் விளிம்பை உப்புத்தாளால் கால் மணி நேரம் பொறுமையாகத் தேய்த்தார். பிறகு உட்புறத்தில் ஒரு டேப் துண்டை ஒட்டி, விரலை விட்டுப் பார்க்கச் சொல்லி, போதாது என்று இன்னொன்றையும் ஒட்டினார். குளிர்சாதனக் காற்றில் விரல் சுருங்கும், ஆட ஆட வீங்கும், ஆகையால் டேப்பை ஒட்டவும் உரிக்கவும் நீயே பழகிக்கொள் என்று அவளிடம் சொன்னார். இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவள்தான் டேப் ஒட்டிக்கொடுக்கிறாள்.

முதல் பந்திலேயே பத்துப் பின்களும் சாயும் ஸ்ட்ரைக் விழுந்தால் எல்லாருடனும் சேர்ந்து கைதட்டுவார். ஆனால் அவர் மனம், எஞ்சிய பின்களை இரண்டாம் பந்தில் வீழ்த்தும் ஸ்பேரில்தான் இருந்தது. பத்துக் காசு நாணயங்கள் பத்தை மேசைமேல் பின்களைப் போல அடுக்கி, ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுவார். முன்னால் நிற்கும் தலைப் பின்னுக்கு இடப்பக்கம் இரண்டாம் பின் நின்றால் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து மூன்று பலகை (தரையில் நீளவாக்கில் பதித்த பட்டைகள்) வலப்பக்கம் நகர்ந்து நிற்க வேண்டும், நான்காம் பின் என்றால் ஆறு, ஏழாம் பின் என்றால் ஒன்பது, ஆனால் குறிவைக்கும் இடம் மாறக் கூடாது என்று நாணயத்தைத் தொட்டுக்காட்டி விளக்குவார். லேனின் அகலம் 39 பலகை, பந்தை விடும் கோட்டிலிருந்து தலைப் பின்வரை 60 அடி. அந்தத் தூரத்தில் காலடியில் நகரும் மூன்று பலகை என்ன செய்யும் என்று புரிந்தபோது பிள்ளைகளின் முகம் மாறுவதை நாங்கள் அருகிலிருந்து பார்த்திருக்கிறோம். திரையில் கணினி எண்ணிக்கை காட்டினாலும், பென்சிலும் தாளும் கொடுத்துக் கையாலும் எழுதச் சொல்வார்.

1985இல் நம் சிங்கப்பூரின் அடலின் வீ பௌலிங் உலகக் கிண்ணத்தை வென்றதும், 2002 பூசான் ஆசிய விளையாட்டுகளில் ரெமி ஓங் மூன்று தங்கம் பெற்றதும், 2009இல் ஜாஸ்மின் இயோங்-நாதனும் 2012இல் ஷெய்னா இங்கும் மீண்டும் உலகக் கிண்ணத்தைக் கொண்டுவந்ததும் அவர் ஓயாமல் சொல்லும் கதைகள். இத்தனை பெயர் பெற்ற விளையாட்டு, நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பிறந்தநாள் விருந்தோடு முடிந்துபோகிறதே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது, எங்களுக்கும் உண்டு. சொந்தப் பந்து வாங்கப் பணம் வேண்டும். வளரும் கைக்கு அதையும் நெடுநாள் வைத்துக்கொள்ள முடியாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பழைய துளைகளைப் பிசின் ஊற்றி அடைத்து, இறுகவிட்டு, தேய்த்துச் சமன்செய்து, புதிதாகத் துளையிட வேண்டியிருக்கிறது. ஓரறை வாடகை வீட்டில் வசிக்கும் குடும்பம் இந்தச் செலவை எப்படித் தாங்கும்?

ஆகவே, பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கும் பந்துகளும் காலணிகளும் கொண்ட ஓர் அலமாரியை அமைக்க முடிவுசெய்துள்ளோம். அதன் பெயர் ‘அண்ணன் அலமாரி’. ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் அளந்து துளையிட்ட பந்து ஓராண்டுக்கு அந்தப் பிள்ளையிடமே இருக்கும். திரும்பி வந்ததும் அடைத்து, அடுத்த கைக்குத் தயாராகும். எட்டு முதல் பன்னிரண்டு பவுண்டு வரையிலான 24 பந்துகளுக்கு 4,320 வெள்ளி, அவற்றைத் துளையிட 1,200 வெள்ளி, 20 இணை காலணிகளுக்கு 1,200 வெள்ளி, ஈராண்டுகளுக்கு அடைத்துத் துளையிடும் செலவுக்கென 1,500 வெள்ளி, அலமாரிக்கு 380 வெள்ளி என மொத்தம் 8,600 வெள்ளி தேவைப்படுகிறது. செயற்குழுவினர் தம் பங்காக 2,150 வெள்ளியைச் செலுத்திவிட்டோம். மீதமுள்ள 6,450 வெள்ளிக்கே உங்கள் துணையை நாடுகிறோம்.

இவ்வேண்டுகோள் நம் உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மட்டுமே உரியது. வெளியாரிடம் வசூலிக்க வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்காது என்பதையும் முன்கூட்டியே தெரிவிப்பது எங்கள் கடமை. ஐந்து வெள்ளியானாலும் பொருளாளர் ரசீது தருவார். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் பயிற்சி நேரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கொடுத்தவர்களின் பெயரும் தொகையும் அதில் இடம்பெறா. அண்ணன் பெயரே இல்லாத இடத்தில் எங்கள் பெயர் எதற்கு என்று உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் கேட்டதை அனைவரும் ஏற்றுக்கொண்டோம்.

பணமாகக் கொடுக்க இயலாதவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பந்துகளைத் தரலாம். பன்னிரண்டு பவுண்டுக்கு மேற்பட்டவை பிள்ளைகளுக்கு ஆகா. விரிசல் விட்டவற்றை அடைத்தாலும் நில்லா. துளை பழையதாக இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். துளையிடும் வேலை தெரிந்தவர்கள் மாதம் ஒரு ஞாயிறு காலையை எங்களுக்கு ஒதுக்கினால், அது பணத்தைவிடப் பெரிய உதவியாக இருக்கும்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையின் முதல் ஞாயிறன்று பந்துகளைப் பிள்ளைகளிடம் கொடுக்கத் திட்டமிட்டுள்ளோம். துளையிட நேரம் வேண்டியிருப்பதால் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்குள் நன்கொடைகள் வந்து சேர வேண்டும். அண்ணனின் துணைவியார் அந்த பிஸ்கட் டின்னை எங்களிடம் ஒப்படைத்திருக்கிறார். அது பதிவு மேசையில் இருக்கும். அதை உண்டியல் என்று எண்ணிப் பணம் போட்டுவிட வேண்டாம், பொருளாளரிடமே கொடுங்கள். டின்னில் புதிய உப்புத்தாளும் இரண்டு சுருள் வெள்ளை டேப்பும் வாங்கி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
செயற்குழுவினர்