24 வீட்டுத் தகராறுக்கு 168 குடும்பங்களைக் காக்க வைக்காதீர்கள்: மாவட்ட ஆட்சியருக்கு நான்காவது மனு

அனுப்புநர்:
பழைய குடியிருப்பு மூன்றாம் பிளாக், 27-ஆம் எண் வீட்டில் இருந்தவள்,
168 குடும்பங்கள் சார்பாக.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: இடித்துக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் பழைய குடியிருப்பாளர்களுக்கு ஒதுக்கீட்டு ஆணையும் சாவியும் உடனே வழங்கவும், தரைத்தள வீடுகளை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதலில் ஒதுக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். இது நாங்கள் தரும் நான்காவது மனு. முதல் மனுவை ஜனவரியில், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் தங்கள் கையிலேயே கொடுத்தோம். படித்துப் பார்த்து, பச்சை மையில் ஏதோ எழுதி, பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தீர்கள். இரண்டாவது மனு ஏப்ரலில். அது உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதாக போனில் செய்தி வந்தது. பத்து நாள் கழித்து இன்னொரு செய்தி: "மனு முடிக்கப்பட்டது." என்ன முடிந்தது என்று கேட்டு ஜூலையில் மூன்றாவது மனு. அதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பமும் போட்டோம். 30 நாளில் பதில் தர வேண்டும் என்கிறது சட்டம். இன்றுவரை ஒரு வரி வரவில்லை. ஒப்புகைச் சீட்டுகளின் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இடத்தைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போன வருஷம் ஆகஸ்டில் கட்டடம் முடிந்ததும் தாங்களே வந்து பார்த்தீர்கள். லிஃப்டில் போகலாம் என்று சொன்னவர்களிடம், படியிலேயே போகலாம் என்று ஏறினீர்கள். நாங்கள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சரி, இனி ஒரு மாதத்தில் நாமும் அந்தப் படியில் ஏறுவோம் என்று பேசிக்கொண்டோம். அதற்கப்புறம் 14 மாதம் ஆகிவிட்டது. கேட்டில் பூட்டு அப்படியே இருக்கிறது.

எங்கள் நிலையைக் கீழே எழுதுகிறேன்.

1. பழைய குடியிருப்பில் 168 வீடுகள் இருந்தன. இடித்துவிட்டு, தரைத்தளமும் ஐந்து மாடியுமாக 192 வீடுகள் கட்டியிருக்கிறார்கள். கூடுதலாக வந்தது 24. இத்தனை நாள் சண்டையும் அந்த 24 வீட்டுக்குத்தான். வார்டு கவுன்சிலர் தரப்பு, வாய்க்கால் ஓரத்தில் வீடு இழந்தவர்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. எதிர்த்தரப்பு, பழைய குடியிருப்பிலேயே கல்யாணமாகி ஒரே வீட்டில் நெருக்கியடித்துக் கிடந்த பிள்ளைகள் என்று வேறொரு பட்டியல் கொடுத்திருக்கிறது. அவர் பட்டியலுக்கு இவர் ஆட்சேபணை, இவர் பட்டியலுக்கு அவர் ஆட்சேபணை. இரண்டிலும் ஏழைகள் இருக்கிறார்கள், அது எங்களுக்கும் தெரியும். யாருக்குக் கொடுத்தாலும் எங்களுக்கு வருத்தமில்லை. திறப்பு விழாவில் யார் ரிப்பன் வெட்டுவது என்பதிலும் ஒரு தகராறு ஓடுகிறது என்கிறார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

2. எங்கள் 168 பேர் விஷயத்தில் தகராறே கிடையாது. புது வீட்டுக்கான டோக்கன் இருக்கிறது. ஆதார், குடும்ப அட்டை, கைரேகைப் பதிவு எல்லாம் முடிந்தது. பங்குத்தொகையில் முதல் தவணைக்கு நகையை வைத்து டிடி எடுத்துக் கட்டியாயிற்று. இரண்டு தரப்பும் எங்கள் பெயரை ஒப்புக்கொள்கின்றன. அப்புறம் எதற்கு எங்களை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?

3. காலி செய்தபோது குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை தந்தார்கள். 18 மாதத்தில் வீடு என்றார்கள். அந்தக் கணக்கில் மாதத்துக்கு 1,333 ரூபாய். இந்த ஊரில் அதற்கு என்ன வாடகைக்குக் கிடைக்கும் என்று தங்களுக்கே தெரியும். இப்போது 37-ஆவது மாதம் நடக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்கிறது. எங்களிடம் பத்து மாத வாடகை கேட்டார்கள். சட்டம் பேசினால் வீடு கிடைக்காது, அதனால் கொடுத்தோம். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு வருமானம் என்றால் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகைதான். அதை வாடகைக்குக் கொடுப்பார்களா, மாத்திரைக்குக் கொடுப்பார்களா?

4. முந்தைய மூன்று மனுவிலும் இந்த நான்காவது விஷயம் கிடையாது. அப்போது என் மாமியார் உயிரோடு இருந்தார்.

அவருக்கு 79 வயது. பழைய வீட்டில் நாற்பது வருஷம் குடியிருந்தவர். நாங்கள் வாடகைக்குப் போனது இரண்டாம் மாடி, ஒரே அறை. படி அவ்வளவு குறுகல், ஒருவர் இறங்கினால் எதிரே வருகிறவர் நின்று வழிவிட வேண்டும். மூன்று வருஷத்தில் அவர் கீழே இறங்கியது ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும்தான்.

அந்த வீடும் லேசில் கிடைக்கவில்லை. வீடு பார்க்கப் போனால் முதல் கேள்வி, எத்தனை பேர். இரண்டாவது கேள்வி, வயசானவங்க யாராவது இருக்காங்களா. இருக்கிறார் என்று சொன்னதும் பல இடங்களில் பேச்சு நின்றுபோனது. காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் சாவு விழுந்துவிடுமோ என்ற பயம். 168 குடும்பத்தில் பெரியவர்களை வைத்திருக்கும் எல்லோரையும் கேளுங்கள், இதையேதான் சொல்வார்கள்.

ஆகஸ்டில் அவர் படுக்கையில் விழுந்தார். வீட்டுக்காரம்மா மேலே வந்து, "பெரியம்மாவுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆகறதுக்குள்ள வேற இடம் பாத்துக்கோங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஒரே அறை ஐயா, எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் கேட்கும். அன்று ராத்திரி மாமியார் என்னைக் கூப்பிட்டு, "என்னைப் பெரியாஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டுடும்மா, அங்கேயே போயிடறேன்" என்றார். எந்த இடத்தில் செத்தால் பிள்ளைகளுக்குத் தொந்தரவு இருக்காது என்று அவர் யோசித்துக்கொண்டு படுத்திருந்தார். நான் பதில் சொல்லவில்லை. புது வீட்டுச் சாவி அடுத்த வாரம் வருதாம் என்று பொய் சொன்னேன்.

செப்டம்பரில் ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்குத் தூக்கத்திலேயே உயிர் போனது. கீழே போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கையைக் கூப்பிக்கொண்டுதான் சொன்னார்: மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், விடிவதற்குள் எடுத்துவிடுங்கள். எடுத்துக்கொண்டு எங்கே போவது?

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியால் சேர்த்துக் கட்டி, அந்தப் படியில் இறக்கினோம். நேராக நம் கட்டடத்துக்குத்தான் கொண்டுபோனோம். அங்கேதான் அவர் பெயரில் டோக்கன் இருக்கிறது. வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை, திறந்தால் அவர் வேலை போய்விடும். மதில் ஓரமாக ஷாமியானா போட்டோம். ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் வேண்டுமே. உள்ளே 192 வீட்டுக்கும் மீட்டர் பெட்டி மாட்டியிருக்கிறது, ஆனால் நாங்கள் எதிர்வீட்டு ஜன்னல் வழியாக ஒயர் இழுத்தோம். பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஷாமியானா ஒரு பக்கம் சரிந்து தண்ணீரெல்லாம் பெட்டி மேல் கொட்டியது. ஷாக் அடிக்கும் என்று யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். குளிப்பாட்ட மறைவு இல்லை. பழைய பிளாக் பெண்கள் எட்டுப் பேர் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். பஸ் ஜன்னலிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் குடத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். நாற்பது வருஷம் அந்த மண்ணில் இருந்தவரை, அந்த மண்ணுக்குப் பத்தடி வெளியே, தெருவில் வைத்துக் குளிப்பாட்டினேன்.

கவுன்சிலர் தரப்பு மாலையோடு வந்தது. ஒரு மணி நேரத்தில் எதிர்த்தரப்பும் வந்தது. இரண்டு பேரும் என்னிடம் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "அவங்கதான்மா லேட் பண்றாங்க." பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்கள். ஐயா, அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது? எந்த மேஜையில் இருக்கிறது? அதையாவது சொல்லுங்கள். நாங்களே வந்து அந்த மேஜை முன்னால் உட்கார்ந்துகொள்கிறோம்.

5. இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. காலி செய்த பிறகு எங்களில் 11 பெரியவர்கள் போய்விட்டார்கள். சிலரை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம். வீட்டு வாசலுக்குக் கொண்டுவர வீட்டுக்காரர்கள் சம்மதிக்கவில்லை. நான்காம் பிளாக் தாத்தா ஒருவர் இப்போது படுத்த படுக்கையாக இருக்கிறார். அவர் மகள் என்னிடம் வந்து, அத்தைக்கு ஐஸ் பெட்டி எங்கே எடுத்தீங்க, எதிர்வீட்டில் கரண்ட் கொடுப்பாங்களா என்று விசாரித்துவிட்டுப் போனாள். அப்பா உயிரோடு இருக்கும்போதே ஒரு மகளை இப்படி விசாரிக்க வைத்துவிட்டீர்களே.

6. தரைத்தளத்தில் 32 வீடுகள் இருக்கின்றன. அதில் சிலவற்றை வேண்டியவர்களுக்குத் தரப்போவதாகவும், கடையாக மாற்றப்போவதாகவும் பேச்சு அடிபடுகிறது. அது பொய்யாக இருக்கட்டும். கட்டடத்து வாசல் பலகையில் 'பிரதான் மந்திரி ஆவாஸ் யோஜனா, அனைவருக்கும் வீடு' என்று எழுதியிருக்கிறது. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் உள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை கொடுத்து, கூடியவரை தரைத்தளத்திலோ கீழ்த்தளங்களிலோ ஒதுக்க வேண்டும் என்று அந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டு ஒதுக்கீட்டில் 5 சதவீதம் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு. 192 வீட்டில் கணக்குப் போட்டால் ஒன்பதுக்கு மேல் வரும். லிஃப்ட் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். லிஃப்டுக்குப் பராமரிப்புப் பணம் யார் கட்டுவது என்றே இன்னும் முடிவாகவில்லை. அது நின்றால் ஐந்தாம் மாடியில் இருக்கும் கிழவி மறுபடியும் என் மாமியார் போலத்தான் கிடப்பார்.

7. எங்களுக்கு எந்தக் கட்சி மேலும் கோபமில்லை. வாக்கு இரண்டு பக்கமும் போட்டிருக்கிறோம், இனியும் போடுவோம்.

ஐயா, தங்களால் முடியாததை நாங்கள் கேட்கவில்லை. அந்த 24 வீட்டை மட்டும் தனியாகப் பிரித்து வையுங்கள். அதற்கு விசாரணை நடத்துங்கள், கூட்டம் போடுங்கள், எத்தனை மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். தகராறு இல்லாத 168 பேருக்கு ஒதுக்கீட்டு ஆணையில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தரைத்தளத்துக்கு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களும் மாற்றுத்திறனாளிகளும் உள்ள குடும்பங்களுக்குள் எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல் போடுங்கள். விழாவை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் உள்ளே இருந்துகொண்டே வந்து கைதட்டுகிறோம்.

தேதி ஒன்று சொல்லுங்கள். "உரிய நடவடிக்கை" என்ற பதில் வேண்டாம், ஒரு தேதி வேண்டும். நான்காம் பிளாக் தாத்தாவுக்கு டாக்டர் அதிக நாள் சொல்லவில்லை. அவர் இருக்கும்போதே அந்தக் கேட்டைத் திறந்துவிடுங்கள் ஐயா. திறப்பு விழா வரை முடியாது என்றால், எங்களில் யாருக்காவது சாவு நேர்ந்தால் அன்று ஒரு நாளைக்காவது கேட்டைத் திறந்து, உள்ளே தரைத்தளத்தில் வைத்துக்கொள்ள வாட்ச்மேனுக்கு எழுத்தில் உத்தரவு கொடுங்கள். இப்படி ஒன்றைக் கேட்டு எழுத வேண்டி வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை கூட்டத்துக்கு நாங்கள் எல்லோரும் வருகிறோம். நடக்க முடிகிற பெரியவர்களையும் அழைத்து வருகிறோம். தயவுசெய்து அன்றைக்குத் தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
27-ஆம் எண் வீட்டுக்காரி,
மற்றும் 168 குடும்பங்கள் (கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கத்தில்).