சி-ஸ்டேட்டை ஒட்டுமொத்தமாக மூடாதீர்கள்: சர்வர் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

புது சர்வர் ரேக்கில் ஏறியதும் பயாஸில் சி-ஸ்டேட்களை (வேலை இல்லாத செயலிக் கோர் இறங்கும் தூக்க நிலைகள்; எண் கூடக்கூடத் தூக்கம் ஆழம்) மூடுகிறார்கள், கடிகார வேகத்தை முடிவு செய்யும் கவர்னரை ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று வைக்கிறார்கள், கர்னலின் பூட் வரியில் ‘இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1’ சேர்க்கிறார்கள். பல இடங்களில் இது கேள்வியே இல்லாமல் நடக்கிறது. தூங்கும் கோர் எழுவதில் தாமதம் வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம். பயத்தில் நியாயம் உண்டு, செய்யும் தீர்வில் இல்லை. எந்த வேலைக்குத் தாமதம் ஆகாதோ அதை மட்டும் கர்னலிடம் சொல்லுங்கள், மற்ற கோர்களைத் தூங்க விடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஒரு கோரில் ஓட எதுவும் இல்லாதபோது, எது எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் ஐடில் லூப்புக்குள் போகிறது. அங்கே தூக்கத்துக்கென்று உள்ள ‘மெனு’ அல்லது ‘டிஇஓ’ கவர்னர் (வேகக் கவர்னர் வேறு), அடுத்த டைமர் எப்போது அடிக்கும், அண்மையில் கோர் எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்பவற்றை வைத்து, எவ்வளவு ஆழமாகத் தூங்கலாம் என்று கணிக்கிறது. ஸ்கைலேக் தலைமுறை ஜியான் செயலிகளுக்கு இன்டெல்_ஐடில் டிரைவரில் உள்ள அட்டவணைப்படி சி1-இலிருந்து எழ 2 மைக்ரோநொடி, சி1இ-இலிருந்து 10, சி6-இலிருந்து 133. சி6-இல் இறங்கினால் லாபம் கிடைக்க 600 மைக்ரோநொடியாவது தூங்க வேண்டும். டைமர் எப்போது அடிக்கும் என்று கர்னலுக்குத் தெரியும். நெட்வொர்க் கார்டின் இன்டரப்ட் (பாக்கெட் வந்ததை அறிவிக்கும் அழைப்பு) எப்போது வரும் என்று தெரியாது. சராசரியாக 200 மைக்ரோநொடிக்கு ஒரு பாக்கெட், அதுவும் ஒழுங்கில்லாமல் வரும் சர்வரில் கணிப்பு தப்பினால் மின்சாரமும் மிச்சமாகாது, பாக்கெட்டும் காத்துக் கிடக்கும்.

அதற்காக சி6-ஐ அடியோடு மூடினால் வேறொன்றை இழக்கிறீர்கள். இன்டெல் சர்வர் செயலிகளில் டர்போ வேகத்தின் (வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடுவது) உச்சம், எத்தனை கோர்கள் விழித்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. சி1-இல் நிற்கும் கோரும் விழித்திருக்கும் கணக்கில்தான் சேரும். பக்கத்துக் கோர்கள் ஆழமாகத் தூங்கினால்தான் ஒற்றை நூலில் ஓடும் வேலைக்கு முழு டர்போ கிடைக்கும். வேகத்துக்காகச் செய்த மாற்றமே வேகத்தைக் குறைப்பது இப்படித்தான்.

சரியான வழி பிஎம்-க்யூஓஎஸ், அதாவது எவ்வளவு தாமதம் தாங்கும் என்று கர்னலிடம் சொல்லும் வசதி. ஒவ்வொரு கோருக்கும், கர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்-இல் ‘பிஎம்_க்யூஓஎஸ்_ரெசியூம்_லேட்டன்சி_யுஎஸ்’ என்றொரு கோப்பு இருக்கிறது. அதில் 20 (மைக்ரோநொடி) என்று எழுதினால் அந்தக் கோர் சி1இ வரை இறங்கும், சி6-க்குப் போகாது. இங்கே ஒரு பொறி: 0 என்று எழுதினால் ‘தாமதமே கூடாது’ என்று பொருளல்ல, ‘கட்டுப்பாடு இல்லை’ என்று பொருள். தாமதமே கூடாது என்றால் ‘என்/ஏ’ என்று எழுத வேண்டும். பிறகு தாமதம் தாங்காத ப்ராசஸை அந்தக் கோர்களில் கட்டுங்கள். அதன் நெட்வொர்க் வரிசைக்கான இன்டரப்ட்களையும் அங்கேயே திருப்புங்கள். இன்டரப்ட்களைக் கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்க்யூபேலன்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் அந்த இன்டரப்ட்களை அதன் பிடியிலிருந்து விலக்கி வையுங்கள், இல்லாவிட்டால் சற்று நேரத்தில் வேறு கோருக்கு மாற்றிவிடும்.

சர்வர் முழுமைக்கும் வரம்பு வேண்டுமானால் ‘/டெவ்/சிபியு_டிஎம்ஏ_லேட்டன்சி’ இருக்கிறது. இதை ஷெல்லில் ‘எக்கோ’ போட்டு எழுதிப் பயனில்லை. கோப்பு திறந்திருக்கும் வரைதான் கோரிக்கை உயிரோடு இருக்கும். எக்கோ முடிந்ததும் கோப்பு மூடப்பட்டு வரம்பும் போய்விடும். நிரலே கோப்பைத் திறந்து, 32 பிட் எண்ணாக மதிப்பை எழுதி, வேலை முடியும் வரை பிடித்திருக்க வேண்டும்.

அடுத்து கடிகார வேகம். வேகத்தை நிர்வகிக்கும் இன்டெல்_பிஸ்டேட் டிரைவரின் ஆக்டிவ் முறையில் ‘பவர்சேவ்’ கவர்னர் என்பது கோரைக் குறைந்த வேகத்திலேயே கட்டிப்போடாது. சுமைக்கேற்ப ஏற்றி இறக்கும். கட்டிப்போடுவது ஏசிபிஐ-சிபியுஃப்ரெக் டிரைவரில் உள்ள பவர்சேவ். இந்தக் குழப்பத்தாலேயே பலர் பெர்ஃபார்மன்ஸுக்கு ஓடுகிறார்கள். ஆக்டிவ் முறையில் பவர்சேவை வைத்துக்கொண்டு, ஈபிபி (வேகம் முக்கியமா, மின்சேமிப்பு முக்கியமா என்று வன்பொருளுக்குச் சொல்வது) மதிப்பை ‘பேலன்ஸ்_பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்கினாலே பெரும்பாலான சர்வர்களுக்குப் போதும்.

விட்டுவிட்டுத் திடீரென எழும் வேலைகள்தான் உண்மையான சிக்கல். ஷெட்யூலரின் சுமைக் கணக்கான பெல்ட்டுக்கு அரை ஆயுள், அதாவது பழைய சுமையின் எடை பாதியாகும் காலம், 32 மில்லிநொடி. வெறுமையிலிருந்து தொடங்கும் ப்ராசஸ் இடைவிடாமல் ஓடினாலும் கணக்கு 50 சதவீதத்தைத் தொட 32 மில்லிநொடி ஆகும், 80 சதவீதத்தைத் தொட ஏறக்குறைய 74. கோர் மெதுவாக ஓடினால் இன்னும் நீளும். இந்தக் கணக்கை நம்பும் ஷெட்யூட்டில் என்ற வேகக் கவர்னர் சுமையை 1.25 மடங்காக்கி வேகம் கேட்பதால், 80 சதவீதத்தில்தான் முழு வேகம் கேட்கப்படும். 10 மில்லிநொடியில் முடிய வேண்டிய கோரிக்கைக்கு இது வெகு தாமதம்.

இதற்காகவே 2019-இல் கர்னல் 5.3-இல் யூகிளாம்ப் (சுமைக் கணக்குக்குக் கீழ், மேல் வரம்பு வைக்கும் வசதி) வந்தது. சிகுரூப்பில் (ப்ராசஸ்களின் குழு) ‘சிபியு.யூகிளாம்ப்.மின்’ மதிப்பை 60 என வைத்தால், அந்தக் குழுவின் ப்ராசஸ் எழுந்த கணமே சுமை 60 சதவீதம் என்று கொண்டு வேகம் கேட்கப்படும். ஆனால் இது ஷெட்யூட்டில் வழியாகத்தான் வேலை செய்யும். ஆக்டிவ் முறையில் வேகத்தை வன்பொருளே முடிவு செய்வதால் யூகிளாம்ப் எந்த மாற்றமும் தராது, பிழைச் செய்தியும் வராது. ‘இன்டெல்_பிஸ்டேட்=பாசிவ்’ என்று பூட் செய்து ஷெட்யூட்டிலைத் தேர்ந்தெடுங்கள்.

பின்னணி சேவைகளையும் கவனியுங்கள். சாதாரண ப்ராசஸுக்கு டைமர் ஸ்லாக், அதாவது டைமர் எவ்வளவு தள்ளி அடிக்கலாம் என்ற சலுகை, 50 மைக்ரோநொடிதான். லாக் சேகரிப்பான், கண்காணிப்பு ஏஜென்ட் போன்றவற்றுக்கு சிஸ்டம்டி யூனிட்டில் ‘டைமர்ஸ்லாக்என்செக்’ மதிப்பை 10 மில்லிநொடிக்கு உயர்த்தினால், கர்னல் பல டைமர்களை ஒன்றாகச் சேர்த்து அடிக்கும். கோர்கள் நீளமாகத் தூங்கும்.

இத்தனைக்கும் முன்னால் பயாஸில் மின் நிர்வாகத்தை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். பயாஸ் மறைத்த சி6-ஐ எந்தக் கவர்னராலும் தேர்ந்தெடுக்க முடியாது. மெய்நிகர் கணினிகள் என்றால் மேலே சொன்ன அமைப்புகள் ஹோஸ்ட்டில் செய்ய வேண்டியவை.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்யுங்கள். டர்போஸ்டாட் என்ற அளவீட்டுக் கருவியில், விழித்திருக்கும்போது கோரின் மெகாஹெர்ட்ஸ், சி6 சதவீதம், பேக்கேஜ் வாட் மூன்றையும் குறித்துக்கொண்டு, அதே நேரத்தில் உங்கள் சேவையின் 99-ஆம் சதமானத் தாமதத்தோடு (நூறில் 99 கோரிக்கைகள் அதற்குள் முடியும் அளவு) ஒப்பிடுங்கள். சராசரித் தாமதத்தை நம்பாதீர்கள். சி6-இலிருந்து எழும் 133 மைக்ரோநொடி அதில் கண்ணுக்கே தெரியாது.

அன்புடன்,
லினக்ஸ் கர்னலோடு வேலை செய்யும் பொறியாளர்கள்