'ஆங்கிலம் போதும்' என்று நம்பி வந்தேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

'ஆங்கிலம் போதும்' என்று ஊரில் ஏஜென்ட் சொன்னதை நம்பித்தான் ஜெர்மனிக்குப் படிக்க வந்தேன். முதல் கோடை விடுமுறையில் வேலை தேடி மாக்டெபர்க் நகரில் பேக்கரி, உணவகம், கடை என ஏறி இறங்கினேன். ஜெர்மன் தெரியாது என்றதும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் கிடைத்தது பார்சல் கிடங்கில் இரவு வேலை.

மூன்றாம் நாள் பின்னாலிருந்து யாரோ 'ஃபோர்ஸிஷ்ட்!' என்று கத்தினார். புரியாமல் நின்றேன். உடன் வேலை பார்த்த துருக்கி அக்கா இழுத்திருக்காவிட்டால் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி மோதியிருக்கும். 'ஜாக்கிரதை' என்பதுதான் அந்தச் சொல். அப்புறம் இடைவேளைதோறும் இடது, வலது, நிறுத்து என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த நன்றியை மறக்க முடியாது.

நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் இங்கே ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சுக்கு முன் 120தான். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் நமக்கும் உண்டு. ஆனால் ஒப்பந்தம் பெரும்பாலும் ஜெர்மனில்தான் இருக்கும். விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

பெற்றோர்களே, விமான டிக்கெட் எடுக்கும் முன் பிள்ளையை ஆறு மாதமாவது ஜெர்மன் வகுப்புக்கு அனுப்புங்கள்.

– திருச்சி மாணவி, மாக்டெபர்க், ஜெர்மனி